பழைய கணினி, குறைந்த ரேம்: ஒரு தேயிலைக் கணக்கு நிரலை எழுதும் வழி

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் வீடுகளில் பழைய கணினிகள் நிறைய இருக்கின்றன. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்கு வந்தவை, ஆபீஸில் கழித்துப்போட்ட மேசைக் கணினிகள், கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்தவை. பெரும்பாலானவற்றில் ரேம், அதாவது ஓடும் நிரல்கள் தங்கும் தற்காலிக நினைவகம், 1 ஜிபி அல்லது 2 ஜிபி. "இதில் ஒன்றும் ஓடாது" என்று மூலையில் வைத்துவிடுகிறார்கள். இன்றைய பிரவுசரைத் திறந்தால் திணறும் என்பது சரிதான். ஆனால் நீங்களே எழுதும் நிரலுக்கு அந்த ரேம் ஏராளம். 1984-ல் நம் நாட்டுப் பள்ளிகளில் கணினிக் கல்வி தொடங்கியபோது கொடுத்த பிபிசி மைக்ரோவில் இருந்தது 32 கிலோபைட். 1 ஜிபி என்பது அதைப்போல 32,768 மடங்கு.

நிரல் எழுதப் பழகும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் எடுத்துக்கொள்ளும் வேலை, மலையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று: பச்சைத் தேயிலை எடைக் கணக்கு. சிறு விவசாயிகள் இலையைக் கொண்டுவருகிறார்கள், எடை போடுகிறோம், மழை நாளில் ஈரத்துக்குக் கழிவு பிடிக்கிறோம், மாதக் கடைசியில் பணம். இதற்கு ஒரு நிரல். ஊரில் இருக்கும் மிகப் பழைய கணினியிலேயே அது ஓட வேண்டும்.

முதலில் கணினியைப் பாருங்கள்

மலையின் ஈரக்காற்றில் ரேம் பலகையின் இணைப்புப் பட்டைகள் மங்கிவிடும். கணினி தானாக நின்றுபோவது, நீலத் திரை வருவது போன்ற தொல்லைகளுக்கு இதுவும் ஒரு காரணம். மின் இணைப்பைக் கழற்றி, மடிக்கணினியானால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, ரேமைக் கழற்றி, பட்டைகளை மெல்லிய பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மீண்டும் பொருத்துங்கள். பிறகு மெம்டெஸ்ட்86+ என்ற சோதனையை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமில் பணக் கணக்கு வைக்கக் கூடாது.

இயங்குதளமாக எடை குறைந்த லினக்ஸ் போடுங்கள். ஆன்டிஎக்ஸ் நல்ல தேர்வு, எல்எக்ஸ்டிஇ என்ற இலகுவான திரையுடன் டெபியன் லினக்ஸும் சரிவரும். 32 பிட் கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025-ல் வந்த டெபியன் 13-ல் 32 பிட் பிசிக்கான நிறுவி கிடையாது. அதற்கு முந்தைய 12-ஐத்தான் போட முடியும். ப்ராசசர் 64 பிட் என்றால் 64 பிட்டையே போடுங்கள். நினைவக முகவரிகள் நான்கு பைட்டுக்குப் பதில் எட்டு பைட் எடுக்கும், ரேம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஆனாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைப்பது அதைவிட முக்கியம்.

கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் ஜன்னலில் 'ஃப்ரீ' (free) கட்டளையை ஓட்டிப் பார்த்தால் புதியவர்கள் பயந்துவிடுவார்கள், சும்மா இருக்கும் ரேம் மிகக் குறைவாகத் தெரியும் என்பதால். லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமில் டிஸ்க்கிலிருந்து படித்ததைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். ஆகவே 'அவெய்லபிள்' என்ற கடைசிப் பத்தியைப் பாருங்கள். உங்கள் நிரலுக்கு உண்மையில் கிடைப்பது அதுதான்.

ரேம் தீர்ந்தால் என்ன ஆகும்?

லினக்ஸ் ரேமில் இருப்பதை ஹார்டு டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவரும். இதைத்தான் ஸ்வாப் என்கிறோம். ரேமிலிருந்து ஒரு எண்ணை எடுக்கச் சுமார் 100 நானோ நொடி ஆகும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஓரிடத்தைத் தேடிப்பிடிக்கச் சுமார் 10 மில்லி நொடி. ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். பக்கத்துக் கடைக்குப் போய்வர ஒரு நிமிடம் என்று வைத்தால், டிஸ்க்குக்குப் போய்வர ஏறக்குறைய எழுபது நாள். கணினி 'ஸ்லோ' என்று சொல்கிறவர்களில் பலர் பார்த்துக்கொண்டிருப்பது இந்த எழுபது நாளைத்தான். ப்ராசசர் வேலையில்லாமல் காத்துக்கொண்டிருக்கும்.

'விஎம்ஸ்டாட்' (vmstat) கட்டளையை நொடிக்கு ஒருமுறை காட்டும்படி ஓட்டி, ஸ்வாப்பிலிருந்து வருவதையும் அதற்குப் போவதையும் காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளைப் பாருங்கள். அவை பூஜ்யத்திலேயே இருந்தால் நல்லது. தொடர்ந்து எண்கள் வந்தால் உங்கள் நிரல் ரேமைத் தாண்டிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு வேறு எதைத் திருத்தியும் பயனில்லை. ஆகவே நம் வேலை முழுவதும் ஒரே கேள்வியில் அடங்கும்: எதை ரேமில் வைத்திருக்கத் தேவையில்லை?

காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

நிரலின் முதல் வரியை எழுதும் முன் ஒரு காகிதம் எடுங்கள். 400 விவசாயிகள், ஆளுக்கு நாளுக்கு ஒரு எடை, ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000 பதிவுகள். பத்தாண்டுக்கு 12 லட்சம்.

பைத்தான் பழகும் எல்லோரும் ஒரு பதிவை முதலில் டிக்‌ஷனரியாகத்தான் எழுதுவார்கள், ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு சாவிச்சொல் வைத்து: பெயர், தேதி, எடை, ஈரக்கழிவு. படிக்க அழகாக இருக்கும். ஆனால் 64 பிட் பைத்தானில் நான்கு சாவியுள்ள டிக்‌ஷனரிக்கே பதிப்பைப் பொறுத்து 200 பைட் சுற்றிப் போகும். எழுத்தாக வைத்த தேதிக்கு, அதுவும் பதிப்பைப் பொறுத்து, 51 அல்லது 59 பைட். தசம எண் ஒவ்வொன்றுக்கும் 24. தமிழ்ப் பெயர் நூறை நெருங்கும். ஒரு பதிவு 400 பைட்டைத் தொட்டுவிடும். 12 லட்சம் பதிவுக்கு 480 எம்பி. 1 ஜிபி கணினியில் இயங்குதளமும் திரையும் தங்கள் பங்கை எடுத்த பிறகு இது தாங்காது.

இதையே யோசித்து அடுக்குவோம். விவசாயிக்கு ஓர் எண் கொடுத்தால் 2 பைட், 65,535 பேர் வரை போதும். தேதியை 2000 ஜனவரி 1-லிருந்து எத்தனையாவது நாள் என்று வைத்தால் அதுவும் 2 பைட், 179 ஆண்டுக்குக் கவலையில்லை. எடையை 100 கிராம் அலகில் முழு எண்ணாக வைத்தால் இன்னொரு 2 பைட், 6,553.5 கிலோ வரை அடங்கும். ஈரக்கழிவுச் சதவீதம் 1 பைட். காலையா மாலையா, முன்பணம் வாங்கினாரா போன்ற ஆம்-இல்லை விவரங்களைப் பிட்டுகளாக 1 பைட்டில் எட்டு வரை வைக்கலாம். மொத்தம் 8 பைட். 12 லட்சம் பதிவு 9.6 எம்பிதான்.

480 எங்கே, 9.6 எங்கே! ஐம்பது மடங்கு மிச்சம், அதுவும் ஒரு விவரத்தையும் இழக்காமல். பைத்தானில் 'அர்ரே', 'ஸ்ட்ரக்ட்' என்ற இரண்டு மாட்யூல்கள் இதற்காகவே இருக்கின்றன.

சி மொழியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. உறுப்புகளை எந்த வரிசையில் எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். 2 பைட் எண் இரட்டைப்படை முகவரியில்தான் தொடங்க வேண்டும் என்பதால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் இடையில் வெற்றுப் பைட்டுகளைச் செருகும். 1, 2, 1, 2, 2 என்று எழுதினால் 10 பைட் ஆகிவிடும். பெரியவற்றை முதலிலும் சிறியவற்றைக் கடைசியிலும் எழுதினால் 8-லேயே நிற்கும்.

விலையைப் பதிவில் சேர்க்கவே வேண்டாம். நீலகிரியில் பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதத்துக்கு ஒரு சராசரி விலையை அறிவிக்கிறது. ஆலை அதற்கு மேலே கொடுத்தாலும் கீழே கொடுத்தாலும், மாத விலை என்ற அடிப்படையில் கணக்கு வைத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு எண் போதும். 1,20,000 இடத்தில் எழுதியதை ஒரு சின்னப் பட்டியலுக்குக் கொண்டுவந்துவிட்டோம். நாளை விலை திருத்தப்பட்டாலும் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

பணத்தையும் எடையையும் முழு எண்ணில் வையுங்கள்

0.1 என்ற எண்ணைக் கணினியின் தசம எண்ணால் துல்லியமாக வைக்க முடியாது. கூட்டக் கூட்டப் பைசா தப்பும். ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணாக வையுங்கள். 4 பைட்டில் இரண்டு கோடியே பதினான்கு லட்சம் ரூபாய்க்கு மேல் அடங்கும்.

இதில் ரேமைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 23.4 கிலோவுக்கு 8 சதவீதம் கழிவு என்றால் 1.872 கிலோ. நிகர எடை 21.528. இதை ஒவ்வொரு எடையிலும் 21.5 என்று வெட்டினால் 28 கிராம் விவசாயிக்கு நஷ்டம். 28 கிராம்தானே என்று விடக் கூடாது. 100 கிராமுக்குக் கீழே உள்ளதை எப்போதும் வெட்டினால் சராசரியாக ஓர் எடைக்கு 50 கிராம் போகும். 1,20,000 எடைக்கு 6,000 கிலோ. முதுகில் சுமந்து வந்த இலை அது, நிரல் எழுதியவரின் கவனக்குறைவால் காணாமல் போகக் கூடாது.

வழி எளிது. எடையை (100 கழித்தல் சதவீதம்) என்பதால் பெருக்கி, பெருக்கியதை அப்படியே கூட்டிக்கொண்டே போங்கள். 234 பெருக்கல் 92 என்றால் 21,528. மாதக் கடைசியில் ஒரே ஒரு முறை நூறால் வகுங்கள். முழு எண்ணிலேயே வேலை முடிகிறது, வேகமும் அதிகம், ஆளுக்கு மாதத்தில் ஒரே ஒரு முழுமையாக்கல்தான் நடக்கிறது. அந்த ஒன்றையும் எப்படிச் செய்வது என்று விவசாயிகளிடமும் ஆலையிடமும் முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோப்பை முழுவதும் படிக்காதீர்கள்

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். ஒரு மாதத்தின் மொத்தம் வேண்டும் என்றால் கோப்பு முழுவதையும் ரேமுக்குக் கொண்டுவர அவசியமே இல்லை. 400 விவசாயிகளுக்கு 400 கூட்டுத்தொகை, ஒவ்வொன்றும் 4 பைட், மொத்தம் 1,600 பைட். கோப்பிலிருந்து ஒரு பதிவைப் படியுங்கள், அந்த விவசாயியின் கூட்டுத்தொகையில் சேருங்கள், பதிவை மறந்துவிடுங்கள், அடுத்ததைப் படியுங்கள். கோப்பில் 12 லட்சம் பதிவு இருந்தாலும் ஒரு கோடி இருந்தாலும் ரேமில் இருப்பது அந்த 1,600 பைட்டும் ஒரு சின்னப் படிப்பு இடமும்தான். கொஞ்சம் முன்னே 480 எம்பியை 9.6 ஆக்கினோம். இப்போது அந்த 9.6-ம் தேவைப்படவில்லை.

பைத்தானில் கோப்பை 'ரீட்' என்று மொத்தமாகப் படிக்காமல், எழுத்துக் கோப்பானால் ஃபார் சுற்றில் வரிவரியாக எடுங்கள், 8 பைட் பதிவுக் கோப்பானால் 8-ன் மடங்கான அளவில் துண்டு துண்டாகப் படியுங்கள். பதிவுகளை வடிகட்டும் செயல்பாடுகளில் பட்டியலைத் திருப்பியனுப்பாமல் 'யீல்ட்' மூலம் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். சி-யில் 64 கிலோபைட் இடம் ஒன்றை ஒதுக்கி, அதையே திரும்பத் திரும்ப நிரப்பிப் படியுங்கள். ஒரே பைட்டாகப் படித்தால் வேகம் போய்விடும், மொத்தமாகப் படித்தால் ரேம் போய்விடும்.

விவசாயியைத் தேடும் விதத்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் 400 பேர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துப் பெயரை ஒப்பிட்டால் ஓராண்டுக் கணக்குக்கு நாலு கோடியே எண்பது லட்சம் ஒப்பீடு வரை போகும். விவசாயிக்கு எண் கொடுத்தது இதற்கும் சேர்த்துத்தான். எண் 217 என்றால் பட்டியலின் 217-வது இடத்துக்கு நேராகப் போய்விடலாம், தேடலே கிடையாது.

தமிழ் எழுத்துகள்

எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். கோத்தகிரி என்று எழுதினால் கண்ணுக்கு ஐந்து எழுத்து. உள்ளே ஒன்பது குறியீடு, 27 பைட். ஊர்ப் பெயரை எல்லாப் பதிவிலும் எழுதினால் ஆண்டுக்கு 32 லட்சம் பைட் அதற்கே போகும். நம் முழுக் கணக்கும் ஆண்டுக்கு 9,60,000 பைட்தான் என்பதை நினைவில் வையுங்கள். பெயர், ஊர், வங்கி விவரம் எல்லாம் விவசாயிகள் பட்டியலில் ஒருமுறை மட்டும் இருக்கட்டும். ஆளுக்கு நூறு பைட் என்றாலும் 400 பேருக்கு 40 கிலோபைட்தான்.

இரண்டு இடத்தில் இடறுவார்கள். முதலாவது, கோ என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஒருவர் தட்டச்சு செய்த கோத்தகிரி 27 பைட்டாகவும், இன்னொருவருடையது 30 பைட்டாகவும் இருந்தால் ஒரே ஊர் பட்டியலில் இரண்டு முறை வரும். உள்ளே வரும் எல்லாப் பெயரையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே சேமியுங்கள்.

இரண்டாவது, பெயருக்கு 40 பைட் என்று ஒதுக்கி மீதியை வெட்டுவது. கிருஷ்ணமூர்த்தி 15 குறியீடு, 45 பைட். 40-ல் வெட்டினால் பதின்மூன்று குறியீடு போக ஒரு பைட் அநாதையாக நிற்கும், திரையில் கேள்விக்குறி வரும். பெயருக்கு 90 பைட்டாவது கொடுங்கள். அதற்கும் வெட்ட வேண்டி வந்தால் குறியீட்டு எல்லையில் வெட்டுங்கள். நானூறு பேருக்கு இதில் கஞ்சத்தனம் காட்ட வேண்டியதில்லை. சிக்கனம் லட்சக்கணக்கில் பெருகும் இடத்தில்தான் வேண்டும்.

கரண்ட் போனால்?

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. பழைய மடிக்கணினியின் பேட்டரி அநேகமாகச் செத்திருக்கும். எடை போட்ட அடுத்த நொடி கணினி அணைந்தாலும் அந்த எடை டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

பணக் கணக்குக்கு எஸ்கியூலைட் (SQLite) என்ற சிறிய தரவுத்தளத்தைப் பயன்படுத்துங்கள் என்பதே என் பரிந்துரை. ஒரு மெகாபைட்டைச் சுற்றிய நூலகம், தனி சர்வர் தேவையில்லை, தற்காலிக நினைவாக இயல்பாக எடுப்பது 2 எம்பி அளவு. சிறிய முழு எண்களை அது தானாகவே குறைந்த பைட்டில் சேமிக்கும். நம் பதிவு அதில் 20 பைட் அளவில் அடங்கும். நடுவில் கரண்ட் போனாலும் பாதி எழுதிய பதிவைத் தானே நீக்கிச் சீராக்கிக்கொள்ளும். அந்த உறுதிக்கு 8-க்குப் பதில் 20 பைட் கொடுக்கலாம்.

அந்த உறுதிக்கு நேரத்திலும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு முறை பதிவை உறுதிசெய்யும்போதும் டிஸ்க் ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றி முடிக்கும் வரை எஸ்கியூலைட் காத்திருக்கும். மடிக்கணினியின் நிமிடத்துக்கு 5,400 சுற்று டிஸ்க் நொடிக்கு 90 முறை சுற்றும், எனவே நொடிக்கு 45 பதிவுதான். தராசின் முன்னால் நிற்பவருக்கு இது தாராளம். ஆனால் பழைய நோட்டுக் கணக்கைத் தட்டச்சு செய்து 1,20,000 பதிவை ஒரே நாளில் ஏற்றும்போது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக உறுதிசெய்தால் முக்கால் மணி நேரம் ஆகும். தொடக்கத்தில் 'பிகின்', முடிவில் 'கமிட்' என்று எல்லாவற்றையும் ஒரே கட்டாக ஏற்றினால் சில நொடிகளில் முடியும். தினசரி எடைக்குத் தனித்தனி உறுதி, மொத்தமாக ஏற்றுவதற்கு ஒரே கட்டு. இதை மாற்றிச் செய்யாதீர்கள்.

திரை

திரைக்காகப் பிரவுசர் தொழில்நுட்பத்தை நிரலுக்குள் கட்டிக் கொடுக்கும் வழிகள் இன்று பரவலாக இருக்கின்றன. அவை ஒரு முழுப் பிரவுசரையே உங்கள் நிரலுடன் சேர்த்து ஏற்றும். 1 ஜிபி கணினியில் அதைத் தொடவே வேண்டாம். எடை போடும் இடத்தில் விசைப்பலகைதான் வேகம்: எண்ணைத் தட்டு, எடையைத் தட்டு, என்டர். அதற்குப் பைத்தானுடன் வரும் டிகே (Tk) என்ற ஜன்னல் நூலகம் போதும். ஃப்ரீ பாஸ்கல் மொழியும் அதில் ஜன்னல் நிரல் எழுதும் லாசரஸ் கருவியும் தெரிந்தவர்களுக்கு அதைவிட இலகுவான நிரல் கிடைக்கும். டெர்மினலிலும் லினக்ஸின் டிகே ஜன்னலிலும் தமிழ்க் கொம்புகளும் கால்களும் இடம் மாறி நிற்பது வழக்கம், ஆகவே தமிழில் பெயர் காட்ட வேண்டிய திரையை ஜிடிகே (GTK) போன்ற, தமிழைச் சரியாகக் காட்டும் ஜன்னல் நூலகத்தில் அமையுங்கள்.

அளந்து பாருங்கள்

எது அதிக ரேம் எடுக்கிறது என்று ஊகிக்காதீர்கள். ஜிஎன்யு 'டைம்' நிரலை விரிவான அறிக்கை தரும்படி ஓட்டினால் 'மேக்ஸிமம் ரெசிடென்ட் செட்' என்ற வரியில் உங்கள் நிரல் உச்சத்தில் எடுத்த ரேம் கிலோபைட்டில் வரும். மாற்றம் செய்வதற்கு முன் அந்த எண்ணைக் குறித்துவையுங்கள், செய்த பின் ஒப்பிடுங்கள். எண் குறையாவிட்டால் மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுங்கள், நிரலைப் படிக்கக் கடினமாக்கியது மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

ஒப்படைக்கும் முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். பத்தாண்டுக்கான 12 லட்சம் போலிப் பதிவுகளை ஒரு சின்ன நிரலால் உருவாக்கி, மாதக் கணக்கை ஓட்டுங்கள். அடுத்து, டெர்மினலில் 'யூலிமிட்' (ulimit) கட்டளையால் நினைவக எல்லையை 100 எம்பியாகக் குறுக்கி அதே கணக்கை மறுபடி ஓட்டுங்கள், விடை ஒரு பைசா மாறக் கூடாது. கடைசியாக, பேட்டரி இல்லாத கணினியில் எடையைப் பதிந்துகொண்டிருக்கும்போதே மின் இணைப்பைப் பிடுங்குங்கள். மீண்டும் இயக்கி, கடைசியாக உறுதிசெய்த எடை இருக்கிறதா என்று பாருங்கள். தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் நோட்டுடன் அதை ஒப்பிடுங்கள். முதல் மூன்று மாதம் நோட்டிலும் எழுதுங்கள், கணினியிலும் பதியுங்கள், இரண்டும் ஒவ்வொரு மாதமும் ஒத்துப்போன பிறகு நோட்டை நிறுத்துவது பற்றி விவசாயிகளிடம் கேளுங்கள்.